பின்பக்கமாக நடப்பவள்

இங்க்ரிட் பின்பக்கமாக நடந்தபடியே நூலகத்தைக் காட்டினாள்.

கல்லூரியைச் சுற்றிக் காட்டும் மாணவர்கள் அப்படித்தான் நடக்க வேண்டும். வந்தவர்களுக்கு முகம் தெரிய வேண்டும், சிரிப்பு தெரிய வேண்டும். முதுகைக் காட்டிக்கொண்டு போனால் யார் வந்து சேருவார்கள்?

அன்று பதினொரு பேர் வந்திருந்தார்கள். பள்ளி முடிக்கப்போகும் பிள்ளைகள், பிள்ளைகளைவிடத் துடிப்பான பெற்றோர்கள். ஒஹாயோவின் சோள வயல்களுக்கு நடுவே, ஆயிரத்து நானூறு பேர் மட்டும் படிக்கும் ஹார்லோ கல்லூரியை விட்டால் வேறு நல்ல இடமே கிடையாது என்று அவர்களை நம்ப வைப்பது இங்க்ரிட்டின் சனிக்கிழமை வேலை.

அதில் ஒரே ஒரு சிக்கல். அவளே அங்கிருந்து கிளம்பிக்கொண்டிருந்தாள்.

முதலாம் ஆண்டு முடிய இன்னும் இரண்டு வாரம். வெர்மான்டில் இதே அளவில், இதே போல மணிக்கூண்டு வைத்த பென்ஃபோல்ட் கல்லூரி அவளுக்கு இரண்டாம் ஆண்டில் இடம் கொடுத்துவிட்டது. வருகிறேன் என்று இன்று மாலை ஐந்து மணிக்குள் பதில் அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. இந்தக் கூட்டத்தை வழியனுப்பிவிட்டு அனுப்புவதாக இருந்தாள்.

பாடத்தில் குறை இல்லை. பேராசிரியர்கள் தங்கமானவர்கள். ஒரு வருடம் முழுக்கச் சாப்பாட்டுக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

எல்லோரும் முதல் வாரத்திலேயே கூட்டு சேர்ந்துவிட்டார்கள். அந்த வாரம் அவள் காய்ச்சலில் படுத்திருந்தாள். எழுந்து வந்தபோது மேசைகளெல்லாம் நிரம்பியிருந்தன.

இருந்தாலும், போகிற நேரத்தில் பொய் சொல்லிவிட்டுப் போகக்கூடாது என்று அவளுக்கு ஒரு வீம்பு. அதனால் உண்மையை மட்டும் பொறுக்கிப் பொறுக்கிச் சொன்னாள். ஏரியில் வாத்துகள் உண்டு. வெங்காய சூப் பிரமாதமாக இருக்கும். இங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அதுவும் உண்மைதான். தெரியும், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

"பின்னாடி படி இருக்குங்க" என்றான் ஒருவன்.

அவள் சட்டென்று நின்றாள். அவன் காப்பாற்றுவது இது மூன்றாவது தடவை. முதலில் விளக்குக் கம்பம், அப்புறம் சைக்கிள். தொடக்கத்தில் பெயரும் ஊரும் கேட்டபோது ஆமோஸ், மிச்சிகன் என்று இரண்டே வார்த்தையோடு நிறுத்திக்கொண்டவன். அம்மா அப்பா இல்லாமல் தனியாக வந்திருந்தான்.

மற்றவர்கள் விடுதியில் ஏசி உண்டா, சோப்புப் போட்டுத் துவைக்க இடம் உண்டா என்று கேட்டார்கள். அவன் கேள்வி வேறு மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டுக்கூடத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? நடுவில் வந்து சேர்கிறவர்களை யாராவது கண்டுகொள்வார்களா?

ஞாயிறு காலையில் பதினைந்து பேர் இருப்பார்கள் என்றாள். தன்னையும் சேர்த்துத்தான் எண்ணினாள். இரண்டாவது கேள்விக்கு ஏரியைக் காட்டினாள்.

கடைசியில், சிவப்புத் தொப்பி வைத்த ஒரு தகப்பனார் அவள் பயந்துகொண்டிருந்ததையே கேட்டுவிட்டார்.

"ஏம்மா, நாளைக்கே மறுபடியும் மொதல்லேர்ந்து சேரணும்னா, நீ இங்கதான் சேருவியா?"

கண்ணை மூடிக்கொண்டு சேருவேன் என்று சொல்ல வேண்டும். அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். வீம்பு குறுக்கே வந்து நின்றது.

"இல்லீங்க. நான் பென்ஃபோல்டுக்கு மாறிப் போறேன். இவங்க மேல ஒரு குத்தமும் இல்ல. எனக்குச் சாப்பிடத் துணை கெடைக்கல, அவ்வளவுதான்."

தகப்பனார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "உங்கள யாருப்பா கேக்கச் சொன்னது?" என்று அவர் மகள் பல்லைக் கடித்தாள். நன்றி சொல்லிவிட்டு எல்லோரும் கார் நிற்கும் இடத்தைப் பார்த்து நடையைக் கட்டினார்கள்.

ஆமோஸ் மட்டும் போகவில்லை. நின்ற இடத்தில் சிரித்துக்கொண்டிருந்தான். இங்க்ரிட்டுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்ன சிரிப்பு என்று கேட்டாள்.

"பென்ஃபோல்டுல வடக்கு ஜன்னலோரமா நாலு பேர் ஒக்கார்ற மேசை ஒண்ணு இருக்கு. மூணு நாற்காலி எப்பவும் காலி. நாலாவதுல நான்தான் இருப்பேன்."

அவனும் அங்கே முதலாம் ஆண்டு. ஹார்லோ அவனுக்கு இடம் கொடுத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். எதற்கும் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடலாம் என்று இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்திருந்தான்.

இங்க்ரிட் படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அங்கே போய் அவன் நாற்காலியில் உட்காருவாள். அவன் இங்கே வந்து அவளுடைய நாற்காலியில் உட்காருவான். இரண்டு கல்லூரியிலும் ஒரு தலை கூடப்போவதும் இல்லை, குறையப்போவதும் இல்லை.

அவளுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அந்த வளாகத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"பசிக்குதா?" என்று கேட்டாள்.

வெளி ஆட்களைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போக ஒவ்வொரு மாணவருக்கும் வருடத்துக்கு எட்டுச் சாப்பாடு இலவசம். அவளுடைய எட்டும் அப்படியே இருந்தன.

சூப் தீர்ந்துபோயிருந்தது. ஆறிப்போன பீட்சாவை வைத்துக்கொண்டு பேசினார்கள். பக்கத்து மேசைகள் காலியாகி, துடைத்தாகி, நாற்காலிகளைக் கவிழ்த்தும் ஆகிவிட்டது. மணி நாலே முக்கால். இரண்டு பேர் கையிலும் போன் இருந்தது. யாரும் எதையும் அழுத்தவில்லை.

ஒருவர் மாறினால் போதுமே என்று அப்போது முதலில் சொன்னது யார் என்பதில், அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இன்னும் சண்டை தீர்ந்தபாடில்லை.