பம்ப்பின் கைப்பிடி

காரைக்காலில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த ஆரோக்கியஜோசப் மூன்று நாட்களாகச் சரியாகத் தூங்கவில்லை. அறுவை சிகிச்சைக்காக மயக்கம் கொடுக்கப்பட்ட அவர் மனைவி சலோமி இன்னும் கண் விழிக்கவில்லை. மகள் ஆன்லின் ஆஸ்பத்திரியில் இருந்தாள். லீவு தீர்ந்துவிட்டதால் அவர் வேலைக்கு வந்திருந்தார்.

பேராசிரியர் மயக்க மருந்து கலந்த நீரில் தலைப்பிரட்டைகளைப் போட்டு, கண்ணாடிச் சன்னல் வைத்த இரும்புக் கலத்தில் அடைத்தார். "மருந்து செல்லோட சவ்வை உப்ப வச்சு இளக்கிடுது, ஜோசப். நல்லா அழுத்தம் கொடுத்தா சவ்வு பழையபடி இறுகி, இதுங்க முழிச்சுக்கும்" என்றார்.

கலத்துக்குள் அழுத்தம் ஏற்றும் பம்ப்பின் கைப்பிடியை அழுத்திப் பிடித்திருப்பது ஜோசப்பின் வேலை. அழுத்தினார். மல்லாந்து கிடந்தவை வாலை ஆட்டி நீந்தின. கை வலித்து அவர் பிடியை விட்டதும் அவை மறுபடி மயங்கின. பேராசிரியர் வகுப்புக்குப் போனார்.

சற்று நேரத்தில் ஆன்லின் போன் செய்தாள். "அப்பா, பத்தரைக்கு அம்மா கண்ணைத் தொறந்தாங்க. ரெண்டே நிமிஷந்தான். திரும்ப அப்படியே போயிட்டாங்க."

ஜோசப் ஆய்வக நோட்டைப் பார்த்தார். பத்தரைக்கு அழுத்தம் ஏற்றி, பத்து முப்பத்திரண்டுக்கு இறக்கியதாக அவரே எழுதியிருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு, கைப்பிடியை அழுத்தினார்.

"அப்பா! முழிச்சிட்டாங்கப்பா! சீக்கிரம் வாங்க!"

பின்னால் சலோமியின் குரல் கேட்டது. "எங்க அவரு? சாப்பிட்டாராமா?"

"சாப்பிட்டேன்" என்றார் ஜோசப். உடம்பின் பாரம் முழுவதையும் கைப்பிடிமேல் சாய்த்துக்கொண்டார்.

"கிளம்பிட்டீங்களாப்பா?"

"இல்லம்மா. அம்மாவைப் பேசச் சொல்லு. என்னால முடியிற வரைக்கும் கேட்டுக்கிட்டு இருக்கேன்."