போகியில் போட்ட ஃபைல்

முதலில் கெடுதல் செய்தவன் ராமதாஸ்தான். இதில் பக்கிரிசாமிக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சந்தேகமே கிடையாது.

பைபாஸ் ஆபரேஷன் முடிந்து வந்த முதல் போகி. நோய் வீட்டைவிட்டுத் தொலையட்டும் என்று, வாசலில் தகர டின்னில் எரிந்த நெருப்பில் ஆஸ்பத்திரி ஃபைலைப் போட்டார். மச்சான் ராமதாஸ் தீக்குள் கையை விட்டு அதை உருவிக்கொண்டு, கடலுக்கு அக்கரையில் தன் ஊரான பட்டர்வொர்த்துக்கே ஓடிவிட்டான்.

அன்று நின்றது பேச்சு.

"எரிக்க விட்டிருந்தா இப்ப வால்வு ஒழுகுமா?" ஜார்ஜ் டவுன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து கத்தினார். "பீடையைப் பத்திரமா வெச்சிருக்கான், உன் அண்ணன்!"

"மெதுவா லா. பக்கத்துக் கட்டில்ல தூங்கறாங்க," என்றாள் மனைவி புஷ்பவள்ளி.

மறுநாள் ஆபரேஷன். டாக்டர் ஷர்மினி வந்தார்.

"ரோபோட்டா என்னை வெட்டப்போகுது? மனுஷன் கிடைக்கலையா?"

"அது தானா ஒண்ணும் செய்யாது அங்கிள். நான் கையை அசைச்சாத்தான் அசையும். பைபாஸ்ல வெச்ச ரத்தக்குழாய் நெஞ்செலும்புல ஒட்டிக் கிடக்கு. மறுபடி எலும்பை அறுத்தா ஆபத்து. அதான் விலாப் பக்கம் சின்னச் சின்ன ஓட்டை போட்டுச் செய்யறோம்."

"வேற ஆபத்து?"

"இருந்துச்சு. போன தடவை ஒரு மருந்து ஒத்துக்காம உங்க இதயமே நின்னு, திரும்ப ஓடியிருக்கு. ஸ்கேன்ல அது தெரியாது. தெரியாம இருந்தா நாங்களும் அதே மருந்தைத்தான் போட்டிருப்போம்."

"அந்த ஆஸ்பத்திரியை மூடி எத்தனையோ வருஷம் ஆச்சே. உங்களுக்கு யார் சொன்னா?"

டாக்டர் ஒரு ஃபைலை நீட்டினார். ஓரமெல்லாம் கருகியிருந்தது.

"காலையில ஒருத்தர் அக்கரையில இருந்து ஃபெரிக் கப்பல் ஏறி வந்து குடுத்தார். கையில பழைய தீக்காயம். வெளியேதான் நிக்கிறார், உள்ள வரமாட்டேங்கிறார்."

டாக்டர் போனபிறகும் பக்கிரிசாமி அந்தக் கருகிய ஓரத்தையே தடவிக்கொண்டிருந்தார்.

"அண்ணனைக் கூப்பிடட்டா?" என்றாள் புஷ்பவள்ளி.

"என்னைக் கேக்காம என் சாமானை எடுத்தவன். மன்னிப்புக் கேட்டுட்டு வரட்டும்."

"இப்பவுமா? சரி, ஃபைலையாவது உள்ள வைக்கட்டா?"

"வேணாம். அவன்கிட்டயே குடு. என்கிட்ட இருந்தா, வர்ற போகியில எரிச்சாலும் எரிச்சிடுவேன்."

அவள் கதவைத் தாண்டும்போது மறுபடி கத்தினார்.

"மன்னிப்பு மட்டும் இன்னும் பாக்கின்னு சொல்லு!"