ஒரு முள்கூட

"மெல்லிசா ஒரு கத்தி குடு நைனா. மீன்லேர்ந்து முள்ளை உருவுற மாதிரி."

ராஜாத்தி குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். முப்பது வருஷம் காசிமேட்டில் மீன் விற்றவள். முள் இல்லாத மீன் கேட்டு வந்தவர்களை, பன் வாங்கித் தின்னச் சொல்லி விரட்டியவள். ராயபுரத்தில் அந்த வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு.

கடைக்கார அஃப்ரித் விடுவானா?

"இன்னாக்கா, உன் வூட்ல யாருக்கு முள்ளு ஆவாது?"

"பேரன் வரான். பெங்களூருல வளர்ற புள்ள. முள்ளைக் கண்டாலே அழுவுது."

அவன் சிரித்துக்கொண்டே மூன்று கத்திகளை எடுத்துப் போட்டு, ஒவ்வொன்றின் அருமை பெருமைகளையும் அடுக்க ஆரம்பித்தான். கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ராஜாத்தி காதில் வாங்கவில்லை.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். மீனில் ஒரு முள்கூட மிஞ்சக்கூடாது. தொண்டையில் சிக்கினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

முதல் கத்தி அகலம். மீனைத் துண்டு போடும், முள்ளைத் தேடிப் போகாது.

இரண்டாவது கண்ணைப் பறித்தது. ஆனால் பிடி வழுவழு. ஈரக்கை நழுவினால் விரலும் சேர்ந்து குழம்புக்குப் போய்விடும்.

மூன்றாவது ஒல்லி. நுனியைப் பலகையில் ஊன்றி அழுத்தினாள். வளைந்தது. விட்டதும் நிமிர்ந்துகொண்டது. முள்ளை ஒட்டியே போகிற கத்தி இதுதான்.

அஃப்ரித் அதைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தான்.

"பையன் வந்தா கடைக்கு இட்டுகினு வாக்கா."

சரி என்று தலையாட்டிவிட்டு நடந்தாள்.

மகன் ஞாயிறு தவறாமல் போன் செய்வான். வருகிறேன் என்று சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது சொல்வதெல்லாம் ஒன்றுதான். தனியாக இருக்கிறாய், கதவை எப்போதும் தாழ்ப்பாள் போட்டுக்கொள்.

வீட்டுக்கு வந்ததும் அரை கிலோ வாளையைக் கழுவி உட்கார்ந்தாள். நடுமுள்ளை உருவினாள். ஓர முள்ளைச் சீவினாள். சதையை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். நம்பிக்கை வராமல் மறுபடியும் தடவினாள்.

குழம்பு கொதித்து இறங்கியது. ஒரே ஒரு தட்டை எடுத்து வைத்தாள்.

போன செவ்வாய்க்கிழமை இதே உச்சிவேளையில், இதே இடத்தில்தான், முள் அவள் தொண்டையில் குத்தி நின்றது. சோற்றை உருட்டி உருட்டி விழுங்கிப் பார்த்தாள். இறங்கவில்லை. கத்தப் பார்த்தாள். அத்தனை பெரிய வாயிலிருந்து சத்தமே வரவில்லை. சுவரை இடித்தாள். பக்கத்து வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். எப்படியோ அது இறங்கியபோது, பயத்தில் வெகுநேரம் அழுதாள்.

அதை யாரிடமும் சொல்லவில்லை. மீன்காரி தொண்டையில் முள் என்றால் ஊர் சிரிக்கும்.

சோற்றின் மேல் மீனை வைத்தாள். பேரனுக்கே ஊட்டலாம், அத்தனை சுத்தம்.

ஒரு வாய் பிசைந்து எடுத்தவள், அதைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். தெருக்கதவின் தாழ்ப்பாளை நீக்கி, போகிற வருகிறவர்களுக்குத் தெரியும்படி இரண்டு கதவையும் விரியத் திறந்தாள்.

பிறகு வந்து உட்கார்ந்து சாப்பிட்டாள்.