சூடு ஆறாத சாப்பாட்டுப் பெட்டி

எல்லிங்ஸ்ருட் சுரங்க ரயில் நிலையத்தில் காலை ரயில் கதவுகளைத் திறந்துவைத்துக் காத்து நிற்கிறது. ஈரப் பாறைச் சுவரில் விளக்கொளி மஞ்சளாய் வழிகிறது. இன்று கட்டாய இராணுவச் சேவைக்குப் புறப்படும் மகள் யதுர்ஷாவின் பக்கத்தில், நீல வேலைச் சட்டையும் சாப்பாட்டுப் பெட்டியுமாக இரவீந்திரன் நிற்கிறார், பாருங்கள். அவருக்கு வேலை போய் நான்கு மாதம். வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. ரயிலுக்குள் இருக்கும் அயல்வீட்டுப் புஷ்பமலர் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள். "அண்ணை, முந்திக் கோயிலிலை நீங்கள் சொன்னதுதான் சரி. வேலையில்லாமல் அரசாங்கக் காசிலை தின்னுறதுகளையும் இப்பிடி ஆமிக்கு அனுப்பவேணும்!" "ஓம்... ஓம்," என்கிறார் அவர். விரல் பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டே இருக்கிறது. யதுர்ஷா அவருடைய கழுத்துச் சால்வையை இழுத்துச் சுற்றிவிட்டுக் காதோடு சொல்கிறாள்: "அப்பா, பகல் முழுக்க நீங்கள் லைப்ரரியிலை இருக்கிறதை நான் எப்பவோ கண்டிட்டன். இண்டைக்கு வீட்டை போங்கோ. அம்மாட்டைச் சொல்லுங்கோ." பையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிடுகிறாள். அவர் ஏறாமல் நடைமேடையிலேயே நிற்கிறார். "அண்ணை, ஏறுங்கோ, வேலைக்குப் பிந்தப்போகுது!" என்று புஷ்பமலர் கூப்பிடும்போதே கதவுகள் மூடுகின்றன. சோற்றின் சூடு இன்னும் அவர் உள்ளங்கையில் இருக்கிறது.