அழித்த இடம்

"அப்பா எதையும் படிக்க மாட்டார், நீரு. பென்சில்ல இன்டு மார்க் போட்ட இடத்துல கையெழுத்து போட்டுண்டே போவார்."

"நேராவே கேக்கலாமே கிரீஷ்?"

"கேட்டா யோசிப்பார். யோசிச்சா வேண்டாம்பார். புரட்டறது நீதானே? என் எம்.பி.ஏ. அப்ளிகேஷன் பக்கம் வர்றச்சே மட்டும் நிக்காம புரட்டிடு."

நாலு வருஷத்துக்கு முன்னால், பாண்டி பஜார் ஆபீஸின் மாடிப்படியில் நின்றுகொண்டு கிரீஷ் சொன்னது. அப்போது அவனும் நீரஜாவும் அவன் அப்பா பத்ரிநாராயணனிடம் ஆடிட்டர்களாக இருந்தார்கள். இருவருக்கும் கல்யாணமாகி ஏழு மாதம்.

அவள் நிற்காமல்தான் புரட்டினாள்.

கிரீஷ் பெங்களூரில் எம்.பி.ஏ. முடித்து, இப்போது பம்பாயில் ஒரு வெளிநாட்டு வங்கியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்திலிருந்து போனில், "அடுத்தது நீதான் நீரு" என்பான். அவள் பதில் சொல்வதற்குள், "சரி, மீட்டர் ஓடறது" என்பான்.

அடுத்தது அவள்தான். ஆனால் ஆபீஸில் அவளை விட்டால் வேறு ஆள் இல்லை.

இன்று அக்டோபர் முப்பத்தொன்று. வரித் தணிக்கைக்குக் கடைசி நாள். மத்தியானம் பிடித்த மழை இன்னும் விடவில்லை. மேஜை மேல் நாலு அடுக்குக் காகிதங்கள். பத்ரிநாராயணன் உட்கார்ந்து கையெழுத்துப் போட, நீரஜா இடது பக்கம் நின்று புரட்டிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து நின்றதில் கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்திருந்தது.

வீட்டில் மாமனார் அவளுக்கு அப்பா. இங்கே சார். இது அவளே வகுத்துக்கொண்ட எல்லை.

போன மாதம் மயிலாப்பூர் அச்சகக்காரர் ஹபீபுர் ரஹ்மான் வந்திருந்தார். "ரெண்டாவது மிஷின் போடலாமாம்மா? நீயே சொல்லு" என்று அவளைத்தான் கேட்டார். அவளிடம் பதில் இருந்தது.

"ஓய், அது எங்க வேலை இல்லை. வாங்கிட்டு பில்லோட வாரும்" என்று சார் சிரித்து அனுப்பிவிட்டார்.

நடந்து முடிந்ததையே பார்த்துப் பார்த்து நீரஜாவுக்கு அலுத்துவிட்டது. ஒரு தடவையாவது, ஒன்று நடப்பதற்கு முன்னால் போய் உட்கார வேண்டும். கம்பெனிகளுக்கு யோசனை சொல்வதையே தொழிலாக வைத்திருக்கிறார்கள். கன்சல்டிங் என்று பெயர். அந்த வாசலுக்குள் நுழைய எம்.பி.ஏ. கேட்கிறார்கள்.

மூன்று வருஷமாக விண்ணப்பம் வாங்குகிறாள். ஒவ்வொரு வருஷமும், முதலாளி கையெழுத்திட வேண்டிய பக்கம் வெறுமையாகவே இருந்து, கடைசித் தேதி தாண்டிப் போகிறது.

இந்த வருஷத்து விண்ணப்பம் மூன்றாவது அடுக்கின் நடுவில் இருந்தது.

காலையில் அவள்தான் செருகினாள். கை பழக்கத்தில் இன்டு மார்க்கும் போட்டுவிட்டது. சாப்பிட்டுவிட்டு வந்தவள், தயிர்சாத டப்பாவைக் கூடக் கழுவாமல், ரப்பரை எடுத்து அந்த மார்க்கை அழித்தாள். காகிதத்தை மட்டும் வெளியே எடுக்க மனசு வரவில்லை.

இப்போது அது வந்துவிட்டது.

அவள் விரல் அந்தப் பக்கத்தின் மேல் நின்றது. சாரின் பேனாவும் நின்றது.

"நீரஜா, இங்க மார்க் இல்லையே."



அவர் காகிதத்தைத் தூக்கி டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்தார். நாற்பது வருஷமாக ஊரார் கணக்கில் சுரண்டி அழித்த இடங்களை அவர் அப்படித்தான் கண்டுபிடித்திருக்கிறார்.

"இருந்திருக்கு. யாரோ அழிச்சிருக்கா."

ஜன்னலுக்கு வெளியே ஒரு பஸ் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போயிற்று.

"கிரீஷோடது அழிக்காம வந்தது" என்றார்.

நீரஜா காகித அடுக்கிலிருந்து கையை எடுத்தாள்.

"அன்னிக்கு அந்த ஒரு பக்கத்தை மட்டும் நீ அவசரமா புரட்டினே. நானும் அவசரமா போட்டேன். படிக்காம நான் எதுலயும் கையெழுத்து போட்டதில்லைம்மா." மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேஷ்டி நுனியில் துடைத்தார். "சாயங்காலம் சொல்லுவான்னு பார்த்தேன். மறுநாள் சொல்லுவான்னு பார்த்தேன். ரயில் டிக்கெட் வாங்கினப்புறம்தான் சொன்னான். என்னத்தைச் சொல்றது, போ."

குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அவர் பேனாவை மூடி, அந்தக் காகிதத்தின் மேலேயே வைத்தார். காகிதத்தைத் தள்ளவும் இல்லை, பக்கத்தில் இழுக்கவும் இல்லை. இன்னும் ஒன்றரை அடுக்கு மீதியிருந்தது. மணி நாலரை. வருமானவரி ஆபீஸ் மூடுவதற்குள் ஆட்டோ பிடிக்க வேண்டும். அவரோ, வேறு வேலையே இல்லாதவர் போல உட்கார்ந்திருந்தார்.

தான் போய்விட்டால் இந்தக் காகிதங்களை யார் புரட்டுவார்கள் என்று யோசித்து யோசித்தே மூன்று வருஷத்தைக் கழித்திருந்தாள் நீரஜா. நாலு வருஷமாக அவர், வாய்விட்டுக் கேட்பார்களா என்று காத்திருந்தது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"அப்பா" என்றாள். இந்த அறையில் அவள் அவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் படிக்கப் போகணும். நீங்க அனுப்பி வைக்கணும்."