ஐந்து முதல் ஆறு வரை

பளு தூக்கும் வீராங்கனையான மகள் பொன்செல்வியின் கைப்பேசியில் கண்ட ஒரு வரி செந்தூர்பாண்டியின் தூக்கத்தைக் கெடுத்தது: ‘நாளை காலை ஐந்து முதல் ஆறு வரை வீட்டில் இருப்பேன்.’

எவனுக்குச் சொல்கிறாள்? சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசு உதவித்தொகையில் நடக்கிறது. காதல், கீதல் என்று மனம் அலைந்தால் அதுவும் நின்றுவிடும். கைப்பேசியை எடுத்துத் தன் மடியில் செருகிக்கொண்டார்.

சரியாக ஐந்துக்கு வாசலில் ஓர் இளைஞன் வந்து நின்றான். தெருமுனைக் காரில் ஒரு பெண் வேறு. பதிவுத் திருமணத்துக்குச் சாட்சியோ?

“பொன்செல்வி இருக்காங்களா?”

“அம்பாசமுத்திரம் போயிட்டா. நடையக் கட்டும் வே.”

அவன் கடிகாரத்தைப் பார்த்தபடி அங்கேயே நின்றான். ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் அவன் தன் கைப்பேசியில் யாரையோ அழைத்தான்; செந்தூர்பாண்டியின் மடியில் மகளின் கைப்பேசி அதிர்ந்தது. அணைத்தார். ஆறானதும் அவன் ஏதோ எழுதிக்கொண்டு கிளம்பினான்.

உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பொன்செல்வி கண்ணைக் கசக்கியபடி வந்தாள்.

“அஞ்சு மணிக்கு வரச் சொன்னியே, எவன் அவன்? வெரட்டி விட்டுட்டேன்.”

அவள் முகம் வெளிறியது. “ஊக்கமருந்துச் சோதனைக்காரங்கப்பா! தினம் ஒரு மணி நேரம் எங்க இருப்போம்னு நாங்க எழுதிக் கொடுக்கணும். சொல்லாமக் கொள்ளாம வந்து மூத்திரம் வாங்கிப் பாப்பாங்க. வருசத்துல மூணு தடவ ஆளு இல்லன்னா தடை. உதவித்தொகையும் போயிரும்.”

“இது எத்தனாவது?”

“ரெண்டு தடவ நானே மறந்து வெளிய போயிட்டேன்...”

செந்தூர்பாண்டி தெருவில் இறங்கி ஓடினார். கார் வண்ணார்பேட்டைச் சாலையில் திரும்பிக்கொண்டிருந்தது.

“ஐயா, நில்லுங்க! எம்மவ வீட்லதான் இருக்கா! வாங்கய்யா!”