அடி விழும் முன்

நெய்யூர் சர்ச் ஹாலில் பழைய ஊமைப்படம். திரைக்குக் கீழே இருபது பேர் வாத்தியம் வாசித்தார்கள். படத்தில் குடிகாரன் மனைவியை அடிக்கும்போதெல்லாம் பூங்கனியின் டிரம் அதிர வேண்டும். ஆனால் அவள் உட்கார்ந்திருந்தது திரைக்கு முதுகு காட்டி. குழுவை நடத்திய சுந்தர்சிங் கை காட்டுவதற்குள் அடி விழுந்துவிடும். ஒத்திகை முழுக்க அவளுக்குத் திட்டுதான்.

அன்றும் முதல் அடி பிந்தியது. அப்போதுதான் முன்வரிசையில் பச்சைச் சேலைக்காரி ஒருத்தியைக் கவனித்தாள். மற்றவர்கள் அடி விழுந்த பிறகு பதறினார்கள். இவள் மட்டும் அதற்கு முன்பே கண்ணை இறுக்கித் தலையை உள்ளிழுத்தாள். பூங்கனி அவளையே பார்த்து டிரம்மை அடித்தாள். திரையில் அடி கன்னத்தில், வயிற்றில், தலைமுடியைப் பற்றிச் சுவரில். ஒன்றும் பிசகவில்லை. ஹாலே அலறியது. பச்சைச் சேலைக்காரியின் பக்கத்திலிருந்த புருஷன் கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்தான்.

படம் முடிந்ததும் பூங்கனி அவளைத் தேடி வாசலுக்கு ஓடினாள்.

"அக்கா, இந்தப் படத்த எத்தன தடவ பாத்திருக்கிய?"

"இன்னைக்குத்தான் மக்கா பாக்கேன்."

"பின்ன, அடி விழப்போறது எப்பிடித் தெரிஞ்சது?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அடிக்கதுக்கு முன்னால தோளு ஒண்ணு ஏறும். இவருக்கும் அப்பிடித்தான்."

"ஏட்டி ஜெப்சி, வாறியா இல்லியா?" பைக்கிலிருந்து புருஷன் கத்தினான்.

பூங்கனி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா எங்ககூட வருது."

அவன் இறங்கி வந்தான். அவன் தோள் ஏறியதுமே பூங்கனி கூச்சலிட்டாள். வெளியே வந்துகொண்டிருந்த வாத்தியக்காரர்கள் பாய்ந்து, ஓங்கிய கையை அந்தரத்திலேயே பிடித்தார்கள்.